இரகசியச் சங்கங்களின் ஏடுகள் நம் கைக்கு வந்த வழி: இலக்கிய ஆய்வாளர் எங்கிருந்து தொடங்குவது?

சுவடிவாசி (இழையைத் தொடங்கியவர்)

அன்பர்களுக்கு வணக்கம். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் இயங்கிய இரகசியச் சங்கங்களையும் அக்கால இலக்கியத்தையும் சேர்த்து வாசிக்கும் ஆய்வொன்றைத் தொடங்கியிருக்கிறேன். நான் வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். யாப்பு, நடை, பாடபேதம், கதைசொல்லியின் குரல் ஆகியவற்றைப் பார்த்துப் பழகியவன். இந்தப் பயிற்சியை மட்டும் நம்பி ஆவணக் காப்பகத்துக்குள் நுழைந்தால் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதே என் கேள்வி.

நிறையவே போகலாம் என்பதற்கு ஒரு சான்று இருக்கிறது. கற்கொத்தர் தொழிலின் பெயரையும் சின்னங்களையும் கொண்ட ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கத்தின் மரபைச் சேர்ந்த மிகப் பழைய ஏடு என்று இன்று கருதப்படுவது ரீஜியஸ் கையெழுத்துப்படி. பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த அது, 794 வரிகளில் அமைந்த ஓர் ஆங்கிலச் செய்யுள். இங்கிலாந்தின் அரச நூலகத்துக்கு 1734-இல் பட்டியல் தயாரித்த டேவிட் காஸ்லி, அதனை 'ஒழுக்கக் கடமைகளைப் பற்றிய பாடல்' என்று பதிந்தார். 1757-இல் இரண்டாம் ஜார்ஜ் அந்த நூலகத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தபோது ஏடும் அதே பெயரோடு அங்கே போய்ச் சேர்ந்தது. அது கற்கொத்தர்களின் சங்க விதிகளைப் பாடும் செய்யுள் என்று 1839-இல் எடுத்துச் சொன்னவர் ஜேம்ஸ் ஹாலிவெல். வயது இருபதைத் தாண்டாதவர், எந்த லாட்ஜிலும் (ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கம்) உறுப்பினர் அல்லாதவர், பின்னாளில் ஷேக்ஸ்பியர் ஆய்வில் பெயர் பெற்றவர். சங்கத்தார் நூறு ஆண்டுகளாக அறியாத தங்கள் ஏட்டை, செய்யுளை வரிவரியாகப் படித்த ஒருவர் கண்டெடுத்தார்.

ஆகவே நான் வகுத்துக்கொண்ட வழி இது: தீட்சைச் சடங்குகளை நாடகமாகவும், அறிக்கைகளைக் கதையாகவும், உறுதிமொழிகளைச் செய்யுளாகவும் வாசிப்பது, அவை நடந்தனவா, உண்மையா என்ற வழக்கை வரலாற்றாசிரியர்களிடம் விட்டுவிடுவது. இதில் ஓட்டை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

---

பேழைக்காவலர்

ஓட்டை இருக்கிறது. அதற்கு முன் காஸ்லிக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும். அந்தச் செய்யுளின் கடைசிப் பகுதி தேவாலயத்தில் எப்படி நிற்க வேண்டும், பெரியவர்களோடு உணவு மேசையில் உட்காரும்போது கையை எப்படித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது. அது வேறொரு நன்னடத்தைப் பாடலிலிருந்து எடுத்துச் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏடுகளை ஒரே ஆள் புரட்டிப் பட்டியலிட்ட காலத்தில், அதைப் பார்த்தவர் அப்படிப் பெயர் வைத்ததில் வியப்பில்லை. நூலகங்களில் இரகசியச் சங்க ஏடுகள் பெரும்பாலும் இப்படித்தான் கிடக்கின்றன. யாரும் ஒளித்து வைத்ததால் அல்ல, சப்பென்ற பெயர் சூட்டப்பட்டதால் கண்ணில் படாமல் போனவை அவை.

ஹாலிவெல்லை முன்மாதிரியாகக் கொள்வதிலும் சற்று எச்சரிக்கை வேண்டும். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு உரிய கையெழுத்துப்படிகள் அவர் கைவழியே விலைபோயின என்ற குற்றச்சாட்டால், 1845-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசிப்பறைக்குள் நுழையவே அவருக்குத் தடை விதிக்கப்பட்டது. வழக்கு முடிவு வரை போகவில்லை என்பது வேறு செய்தி. ஏடுகள் இடம் மாறிய வரலாற்றில் ஆய்வாளரும் ஒரு பாத்திரம்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இனி ஓட்டைக்கு வருகிறேன். 'உண்மையா என்பதை விட்டுவிடலாம்' என்கிறீர்கள். சரி, விட்டுவிடுங்கள். ஆனால் 'இந்த ஏடு யார் கையிலிருந்து யார் கைக்கு வந்து இங்கே நிற்கிறது' என்ற கேள்வியை விட முடியாது. ஏனெனில் இரகசியச் சங்கத்தின் ஏடு வெளியே வர நான்கைந்து வழிகள்தாம் உண்டு: காவலர் பறிமுதல் செய்தது, விலகியவர் விற்றது, இறந்தவரின் பெட்டியில் மிஞ்சியது, வேறோர் அரசு கொள்ளையடித்தது, சட்டம் கட்டாயப்படுத்தியதால் சங்கமே ஒப்படைத்தது. ஒவ்வொரு வழியும் எதைத் தக்கவைத்து எதைக் கழித்தது என்பது உங்கள் வாசிப்பையே மாற்றும். பாடபேதம் பார்க்கத் தெரிந்தவருக்கு இது அயலான வேலை இல்லை. ஏட்டின் குடிவழியை எழுதுபவர் அதன் உடைமை வழியையும் சேர்த்து எழுத வேண்டும், அவ்வளவே.

---

ஏட்டுச்சுருள்

பேழைக்காவலர் சொன்னதற்கு இல்லுமினாட்டி என்ற சங்கத்தின் ஆவணங்களைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. நான் அந்தக் காலப் பகுதியிலேயே உழல்பவள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நேரம் இருப்பவர்கள் படிக்கலாம்.

1776 மே 1 அன்று, பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் கற்பித்த ஆதாம் வைஸ்ஹௌப்ட் இச்சங்கத்தைத் தொடங்கினார். ஆட்சியாளர் கார்ல் தியோடோர் 1784-இலும் 1785-இலும் தடையாணைகள் பிறப்பித்தார். 1786-இல் லாண்ட்ஸ்ஹூட் நகரில் ஸ்வாக் என்ற முக்கிய உறுப்பினரின் வீட்டைச் சோதனையிட்டுக் கைப்பற்றிய தாள்களை, அடுத்த ஆண்டே அரசு தன் ஆணையால் அச்சிட்டு வெளியிட்டது. இரகசியச் சங்கத்தின் கடிதங்களை அரசே பதிப்பாசிரியராக இருந்து வெளியிட்ட நூல் அது. எந்தக் கடிதத்தை முன்னே வைப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தவர்களுக்கு ஒரே நோக்கம் இருந்தது: தடை நியாயமானது என்று உலகுக்குக் காட்டுவது. பத்தாண்டுகள் கழித்து 1797-இல் பிரெஞ்சுப் பாதிரியார் பாருவெலும் ஸ்காட்லாந்தின் ஜான் ராபிசனும், பிரெஞ்சுப் புரட்சியே இவர்கள் கைவேலை என்று எழுதுவதற்கு இந்தத் தொகுப்புத்தான் கையிருப்பாக அமைந்தது. இன்று வரை உலவும் சதிக் கதைகளில் பெரும்பாலானவற்றின் வேரும் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்புறத்தில் 'ஸ்வீடன் பெட்டி' என்று அழைக்கப்படும் தொகுப்பு நிற்கிறது. வைஸ்ஹௌப்ட் ஒதுங்கிய பிறகு சங்கத்தைத் தூக்கி நிறுத்த முயன்ற போடே என்பவர், தொழிலால் அச்சகத்தாரும் மொழிபெயர்ப்பாளருமானவர். 1793-இல் அவர் இறந்தபோது அவரிடம் இருந்த தாள்கள் கோதா நாட்டின் சிற்றரசர் இரண்டாம் எர்ன்ஸ்ட்டிடம் போயின. 1804-இல் எர்ன்ஸ்ட் இறந்தபின், வேறு யார் கையிலும் சிக்கக் கூடாது என்பதற்காக அவை ஸ்டாக்ஹோமில் இருந்த ஸ்வீடன் பெருலாட்ஜுக்கு அனுப்பப்பட்டன. பெயர் வந்தது அதனால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோதாவுக்குத் திரும்பின. நாஜிகள் பறித்தார்கள். போர் முடிந்ததும் சோவியத் படைகள் மாஸ்கோவுக்குக் கொண்டுபோயின. பிறகு கிழக்கு ஜெர்மனிக்கு வந்து, இப்போது பெர்லினில் பிரஷ்ய இரகசிய அரசுக் காப்பகத்தில் இருக்கின்றன. இத்தனை கை மாறியும், எதிரிகள் தேர்ந்தெடுத்து அச்சிட்ட தொகுப்பாக அவை ஆகவில்லை.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் இரண்டு வெவ்வேறு சங்கங்கள் தெரியும். அரசின் பதிப்பில் நஞ்சு, சூழ்ச்சி, மதப் பகை ஆகியவை முந்தி நிற்கின்றன. பெட்டியிலோ, இளைஞர்கள் தங்கள் மேலாளருக்கு மாதந்தோறும் முத்திரையிட்டு அனுப்பிய அறிக்கைகளும், கொடுத்த தலைப்பில் எழுதிய கட்டுரைகளும், படித்த நூல்களைப் பற்றிய குறிப்புகளும் மலிந்து கிடக்கின்றன. தன் குறைகளைத் தானே எழுதி, யார் என்று அறியாத மேலதிகாரிக்கு அனுப்பி, அவர் எழுதும் மறுமொழிக்காகக் காத்திருக்கும் எழுத்து அது. அக்காலத்து ஜெர்மன் நாவல்களில் மறைந்திருந்து நாயகனை வழிநடத்தும் கூட்டங்கள் ஏன் அத்தனை வருகின்றன என்று கேட்பவருக்கு, சுவடிவாசி அவர்களே, பதில் இந்த மாத அறிக்கைகளில் இருக்கிறது என்பது என் எண்ணம். இவற்றைப் படித்த எனக்கு அச்சம் வரவில்லை. வீட்டுப்பாடம் திருத்தும் ஆசிரியர்களின் அலுப்புத்தான் நினைவுக்கு வந்தது.

ஜெர்மன் கவிஞர் கதே 1783-இல் இச்சங்கத்தில் சேர்ந்து 'அபாரிஸ்' என்ற பெயர் பெற்றார். ஏன் சேர்ந்தார் என்பதில் ஆய்வாளர்கள் இரு கூறாகப் பிரிந்திருக்கிறார்கள். வைமார் அரசின் அமைச்சராக இருந்த அவரும் அவருடைய சிற்றரசரும் உளவு பார்ப்பதற்காகவே உள்ளே போனார்கள் என்று டேனியல் வில்சன் 1991-இல் வாதிட்டார். பலர் அதை ஏற்கவில்லை. அதே தாள்கள், இரண்டு வாசிப்புகள். ஆகவே 'உண்மையை வரலாற்றாசிரியரிடம் விட்டுவிடுகிறேன்' என்று நீங்கள் கைகழுவினால், அவர்கள் உங்களிடமே திருப்பி அனுப்புவார்கள். ஏனெனில் அந்த வழக்கு ஒரு கடிதத்தின் தொனியைப் பற்றியது.

---

மறைபொருள்

எல்லோரும் கிடைத்த ஏடுகளைப் பற்றியே பேசுகிறீர்கள். கிடைக்காதவற்றைப் பற்றி யார் பேசுவது? ஃப்ரீமேசன்களின் விதிநூலை எழுதிய ஜேம்ஸ் ஆண்டர்சனே 1738-இல் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: 1720-இல் சில லாட்ஜுகளில், அந்நியர் கையில் போய்விடும் என்ற அச்சத்தால் மதிப்புமிக்க கையெழுத்துப்படிகள் அவசரமாக எரிக்கப்பட்டன. மேலே ஏட்டுச்சுருள் அவர்கள் குறிப்பிட்ட மாஸ்கோவில், பறித்து வந்த ஆவணங்களை வைத்திருந்த சிறப்புக் காப்பகம் ஒன்று இருக்கிறது என்பதே 1990 வாக்கில்தான் வெளியுலகுக்குத் தெரியவந்தது. பிரான்சின் பெருலாட்ஜுக்கு உரிய ஆவணங்கள் 2000-இல்தான் வீடு திரும்பின. எரித்ததும் பூட்டியதும் நடந்திருக்கும்போது, மிஞ்சியதை வைத்து 'இவர்கள் கட்டுரை எழுதிப் பழகிய இளைஞர்கள்' என்று முடிவு கட்டுவது அவசரம் ஆகாதா? முக்கியமானவை இன்னும் எங்கோ இருக்கின்றன என்று கருதுவதே அறிவுக்குப் பொருத்தம்.

---

ஐயவாதி

நண்பர் மறைபொருள் சொன்ன இரண்டு செய்திகளும் சரியானவை. அவற்றிலிருந்து அவர் கட்டும் முடிவுதான் நிற்கவில்லை. எரிந்த தாளில் என்ன இருந்தது என்பதற்கு எரிந்தது என்பதே சான்றாகாது. ஆண்டர்சன் தம் சங்கத்தின் பழமையைப் பெரிதாக்கிக் காட்டுவதில் கை தேர்ந்தவர். ஆதாமிலிருந்து வரலாற்றைத் தொடங்கியவர். 'எங்களிடம் இன்னும் பழைய ஏடுகள் இருந்தன, எரிந்துவிட்டன' என்ற கூற்று அவருக்கு எவ்வளவு வசதியானது என்று பாருங்கள்.

மாஸ்கோ விவகாரத்திலும், பூட்டி வைத்தவர்கள் சங்கத்தார் அல்லர், அவர்களிடமிருந்து பறித்தவர்கள். போலந்தில் போஸ்னான் பல்கலைக்கழகத்திடம் சுமார் 80,000 நூல்கள் கொண்ட ஃப்ரீமேசன் தொகுப்பு இருக்கிறது. அதன் பெரும்பகுதி நாஜிகள் பல லாட்ஜுகளிலிருந்து அள்ளிச் சேர்த்தது. உலகின் பெரிய ஃப்ரீமேசன் நூல் தொகுப்புகளில் ஒன்றை அவர்களைப் பகைத்தவர்களே திரட்டித் தந்திருக்கிறார்கள். இன்று ஆய்வாளர்கள் அங்கே போய்ப் படிக்கலாம்.

காணாமல் போன ஆவணம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கும் என்ற எண்ணத்துக்கு வத்திக்கான் காப்பகத்தில் ஒரு நல்ல மறுமொழி கிடைத்தது. டெம்ப்ளர் வீரத்துறவிகளின் தலைவர்களை விசாரித்து அவர்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கியதைப் பதிவுசெய்யும் 1308-ஆம் ஆண்டுச் சினோன் தோல்சுவடியை 2001-இல் பார்பரா ஃப்ராலே கண்டெடுத்தார். வேறிடத்தில் சேர்த்து வைக்கப்பட்டுப் பட்டியலில் தவறாகப் பதிவானதால் அது பலர் கண்ணில் படாமல் இருந்தது. ஏழு நூற்றாண்டுச் சதிக் கதைகளுக்குப் பின்னால் இருந்தது ஓர் எழுத்தரின் கவனக்குறைவு.

இதைவிட ஆய்வாளர் அஞ்ச வேண்டியது மறுபக்கத்தை: நூலகத்தில் ஒரு தாள் இருக்கிறது என்பதாலேயே அதற்கு மதிப்புக் கூடிவிடுவது. 1960-களில் பாரிஸின் தேசிய நூலகத்தில் 'இரகசியக் கோப்புகள்' என்ற தலைப்பில் ஒரு மெல்லிய தொகுப்பு வந்து சேர்ந்தது. சீயோன் மடம் என்ற சங்கம் இடைக்காலம் முதல் தொடர்ந்து இயங்குவதாகவும், பெரும் கலைஞர்களும் அறிவியலாளர்களும் அதன் தலைவர்களாக இருந்ததாகவும் அதில் பட்டியல். உண்மையில் அந்தச் சங்கம் 1956-இல் பியர் பிளாந்தார் என்பவரும் சில நண்பர்களும் அரசு அலுவலகத்தில் பதிவுசெய்த ஒன்று. தாங்களே தட்டச்சு செய்ததைத் தாங்களே நூலகத்தில் கொண்டுபோய் வைத்து, பிறகு 'தேசிய நூலகத்திலேயே இருக்கிறது பாருங்கள்' என்று காட்டினார்கள். பட்டியல் எண் வாங்குவது எளிது. வாங்கிய பிறகு அது மெய்ச்சான்று போலத் தோற்றம் தருகிறது.

---

சுவடிவாசி

பேழைக்காவலரின் கண்டனத்தை ஏற்றுக்கொண்டு என் வழியைத் திருத்திக்கொள்கிறேன். ஆயினும் ஓரிடத்தில் இன்னும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. சங்கம் இருந்ததா என்பதே தெரியாத இடத்தில், ஏட்டைத் தவிர வேறு ஆதாரமே இல்லாத இடத்தில், இலக்கிய வாசிப்பைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

ரோசிக்ரூசியர்களைச் சொல்கிறேன். 1614-இல் ஜெர்மனியின் காஸெல் நகரில் ஒரு சிறு அறிக்கை அச்சாகிறது. கிறிஸ்தியன் ரோசன்க்ராய்ட்ஸ் என்பவர் கிழக்கே பயணம் செய்து ஞானம் பெற்று ஒரு சகோதரச் சங்கத்தை நிறுவினார், அவருடைய கல்லறை 120 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது, அதில் உடல் அழியாமல் இருந்தது, கற்றவர்கள் எங்களோடு தொடர்பு கொள்ளலாம் என்பது அதன் சாரம். முகவரி இல்லை. 1615-இல் இரண்டாம் அறிக்கை, 1616-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓர் உருவகக் கதை. ஐரோப்பா முழுவதும் இருந்து கற்றவர்கள் அச்சிட்ட நூல்கள் வழியாகவே அந்தச் சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள்; மறுமொழி வந்ததாகத் தெரியவில்லை. உருவகக் கதையை இளமையில் எழுதியவர் தாமே என்று ஒப்புக்கொண்ட யோஹான் வாலன்டின் ஆந்திரேயே, பிற்காலத்தில் அதை ஒரு விளையாட்டு என்றே குறிப்பிட்டார். 1623-இல் பாரிஸ் தெருக்களில் இவர்கள் பெயரால் சுவரொட்டிகள் தோன்றியபோது, ஜெர்மனியிலிருந்து திரும்பியிருந்த தத்துவஞானி டெகார்ட்டின் மீதே ஐயம் விழுந்தது என்றும், கண்ணுக்குத் தெரியாதவர்களின் கூட்டத்தில் தாம் இல்லை என்று காட்ட நண்பர்கள் முன் நடமாடினார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதிய பாயே சொல்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அடாம் ஹாஸ்ல்மயர் என்பவர் அந்த அறிக்கைக்கு எழுதிய மறுமொழி 1612-இலேயே அச்சாகிவிட்டது. நூல் அச்சாவதற்கு ஈராண்டு முன்பே அதன் விமரிசனம் வெளிவந்துவிட்டது! கையெழுத்துப்படியாகவே அந்த அறிக்கை சுற்றிக்கொண்டிருந்ததற்கு இது சான்று. அந்த மறுமொழியை 1614-ஆம் ஆண்டுப் பதிப்பு தன்னோடு சேர்த்துக்கொண்டது. அதை எழுதியதற்காக அவர் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டார் என்றும் சொன்னது. கதைக்கு ஒரு வாசகர் உண்மையில் தண்டனை அனுபவிக்கிறார். இங்கே 'சங்கம் பொய், ஆகவே ஏடு பயனற்றது' என்று எந்த வரலாற்றாசிரியரும் சொல்ல முடியாது அல்லவா?

---

ஏட்டுச்சுருள்

சொல்ல மாட்டோம். ஆனால் நீங்கள் சொன்னதிலேயே பாதி வேலையைக் காப்பகம்தான் செய்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். அச்சுக்கு முன்னிருந்த கையெழுத்துப்படிகளை நூலகம் நூலகமாகத் தேடி ஒப்பிட்ட கார்லோஸ் கிலியின் உழைப்பு இல்லாமல், ஹாஸ்ல்மயரைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேச முடிந்திருக்காது.

---

குறியவிழ்ப்பாளர்

நான் கணினி மொழியியல் பக்கத்திலிருந்து வருகிறேன். நடை, பாடபேதம் என்று பேசிக்கொண்டிருக்கும் இந்த அவையில், படிக்கவே முடியாத ஏட்டைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் அல்லவா?

கோபியாலே என்று பெயர் பெற்ற கையெழுத்துப்படி 105 பக்கங்கள் கொண்டது. ஏறத்தாழ 75,000 எழுத்துகள். 'பிலிப் 1866' என்ற உடைமைக் குறிப்பையும், பெயருக்குக் காரணமான 'கோபியாலே 3' என்ற குறிப்பையும் தவிர மற்ற அனைத்தும் சங்கேத எழுத்து. உரோம எழுத்துகளும் கிரேக்க எழுத்துகளும் வட்டம், கோடு, முக்கோணம் போன்ற குறிகளும் கலந்து ஓடும். 2011-இல் கெவின் நைட், பேயாட்டா மெஜெஷி, கிறிஸ்தியான் ஷேஃபர் ஆகிய மூவரும் அதை அவிழ்த்தார்கள். முதலில் அவர்கள் உரோம எழுத்துகளிலேயே செய்தி இருக்கும் என்று கருதி, பல மொழிகளோடு பொருத்திப் பார்த்தார்கள், ஒன்றும் தேறவில்லை. பிறகுதான் தெரிந்தது, கண்ணுக்குப் பழக்கமான அந்த உரோம எழுத்துகள் சொற்களுக்கு இடையேயான வெற்றிடத்தைக் குறிக்க வந்தவை, செய்தி முழுவதும் அயலான குறிகளில் இருக்கிறது என்று. ஒரே எழுத்துக்குப் பல குறிகள் பயன்படுத்தப்பட்டதால், அடிக்கடி வரும் குறியை எண்ணிக் கண்டுபிடிக்கும் பழைய உத்தியும் எளிதில் செல்லவில்லை. அவிழ்ந்தபோது வெளிப்பட்ட மொழி ஜெர்மன்.

உள்ளே இருந்தது என்ன? கண் மருத்துவத்தைத் தங்கள் அடையாளமாகக் கொண்ட ஒரு சங்கத்தின் தீட்சைச் சடங்கு. உள்ளே வருபவர் முன் ஒரு தாளை வைத்துப் படிக்கச் சொல்கிறார்கள். அதில் ஒன்றும் எழுதப்படவில்லை. தம்மால் படிக்க முடியவில்லை என்கிறார். கண்ணாடி அணிவித்து மீண்டும் காட்டுகிறார்கள்; அப்போதும் முடியவில்லை. கண்ணைத் துணியால் துடைக்கிறார்கள். பிறகு 'அறுவை சிகிச்சை' என்ற பெயரில் புருவத்திலிருந்து ஒரு மயிரைப் பிடுங்குகிறார்கள். அதன் பின்னரே சங்கத்தின் போதனை அவருக்குக் காட்டப்படுகிறது.

சுவடிவாசி அவர்களே, 'சடங்கை நாடகமாக வாசிக்கலாம்' என்ற உங்கள் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று வேண்டுமா? வெற்றுத் தாளைப் படிக்க இயலவில்லை என்று ஒருவரைச் சொல்ல வைக்கும் காட்சியை எழுதியவர், அரங்கம் அறிந்தவர். அதே ஏட்டில் ஃப்ரீமேசன் சடங்குகளின் விவரமும் வருகிறது. இவர்கள் அவர்களுக்குள்ளே இயங்கியவர்களா, வேவு பார்த்தவர்களா என்ற கேள்வி ஆய்வாளர்களிடம் இன்னும் இருக்கிறது.

---

மறைபொருள்

ஆக, படிக்க முடியாமல் மறைக்கப்பட்ட ஏடு ஒன்று இருந்தது, அது 2011 வரை யாருக்கும் புரியவில்லை என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். என் வாதம் அவ்வளவு மோசமானது அல்ல என்று தோன்றுகிறது.

---

ஐயவாதி

மறைத்து வைத்தது புருவ மயிர் பிடுங்குவதை. உங்கள் வாதத்துக்கு அது எவ்வளவு வலு சேர்க்கும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

---

பேழைக்காவலர்

சங்கேத எழுத்தும் கொள்ளைபோன பெட்டியும் படிக்கச் சுவையானவைதாம். ஆனால் அன்றாட ஆய்வுக்கு மிகுதியாகப் பயன்படுபவை சுவையற்ற கோப்புகள். இங்கிலாந்தில் 1799-இல் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டம் வந்தபோது, ஃப்ரீமேசன் லாட்ஜுகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்கு விலையாக ஒவ்வோர் ஆண்டும் உறுப்பினர்களின் பெயர், இருப்பிடம், தொழில் ஆகியவற்றை மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தார்கள். அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1967-இல். இரகசியச் சங்கம் என்று உலகம் பேசிய ஒன்றின் உறுப்பினர் பட்டியல், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அரசு அலுவலகத்தில் வரிசையாகச் சேரும்படி சட்டமே வழிசெய்திருந்தது. ஒரு கவிஞரோ பதிப்பாளரோ எந்த ஊர் லாட்ஜில் யாரோடு உட்கார்ந்தார் என்று அறிய வேண்டுமானால் அந்தந்த மாவட்டக் காப்பகத்தில், காலாண்டு நீதிமன்றக் கட்டுகளில் தேடுங்கள். பட்டியலில் 'இரகசியம்' என்ற சொல்லே இருக்காது.

நாட்குறிப்புகளும் அப்படித்தான். பழம்பொருள் ஆய்வாளர் எலியாஸ் ஆஷ்மோல், 1646 அக்டோபர் 16 அன்று வாரிங்டன் என்னும் ஊரில் தாம் ஃப்ரீமேசன் ஆக்கப்பட்டதை, உடனிருந்தவர்களின் பெயர்களோடு ஒரு சிறு குறிப்பாக எழுதுகிறார். அச்சங்கத்தைப் பற்றிய அடுத்த குறிப்பு 1682-இல்தான் வருகிறது. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டு மௌனத்தை வைத்துக் கயிறு திரித்தவர்கள் பலர். எனக்கோ, அது அவருக்கு அன்று அவ்வளவு பெரிய செய்தியாக இருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

---

ஏட்டுச்சுருள்

கடைசியாக ஒன்று. விலகியவர் விற்ற ஏடு என்று பேழைக்காவலர் முதலில் சொன்ன வகையை யாரும் தொடவில்லை. ஃப்ரீமேசன்களின் மூன்று படிநிலைச் சடங்கு முழுமையாக அச்சில் வருவது 1730-இல் சாமுவேல் பிரிச்சர்ட் வெளியிட்ட அம்பலப்படுத்தும் நூலில். கேள்வியும் விடையுமாக, நாடக உரையாடல் போல அமைந்தது. சங்கத்தார் அதைக் கண்டித்தார்கள். ஆனால் மனப்பாடம் செய்ய வேண்டிய உறுப்பினர்களுக்கு அதைவிட வசதியான கையேடு இல்லை என்பதால் அவர்களும் அதை வாங்கினார்கள் என்று கருதுவதற்கு இடம் இருக்கிறது. அப்படியானால் அதன் பிறகு நிகழ்ந்த சடங்கில் எவ்வளவு மரபு, எவ்வளவு பிரிச்சர்ட் என்று பிரிப்பது எளிதல்ல.

ஐரோப்பாவுக்கு வெளியே இதே சிக்கல் வாக்குமூலங்களில் வருகிறது. சீனத்தின் தியான்திஹுய் சங்கம், தன் பிறப்பைத் தீக்கிரையான ஷாவோலின் மடத்தோடும் தப்பிய துறவிகளோடும் சேர்த்துச் சொல்லும். 1780-களின் பிற்பகுதியில் தைவான் கிளர்ச்சியை அடக்கிய சிங் பேரரசின் அதிகாரிகள் பதிந்த வாக்குமூலங்களைப் படித்த ஆய்வாளர்களோ 1760-களின் தொடக்கத்தைச் சுட்டுகிறார்கள். ஆனால் வாக்குமூலம் என்பது கேட்பவர் விரும்பும் வடிவில் சொல்லப்படுவது. பல வேளைகளில் வதைத்து வாங்கப்படுவது. புராணத்தை ஐயத்தோடு படிப்பவர் வாக்குமூலத்தையும் அதே ஐயத்தோடு படிக்க வேண்டும்.

---

சுவடிவாசி

அனைவருக்கும் நன்றி. அகலக் கால் வைப்பதை விட்டு ஒரே ஒரு நூலில் தொடங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். லெஸ்ஸிங், ஃப்ரீமேசன்களைப் பற்றி இரு நண்பர்கள் பேசுவதாக எழுதிய உரையாடல்கள் என் மனத்தில் இருக்கின்றன. எழுதியவர் நாடகாசிரியர், வோல்ஃபன்பூட்டெல் நூலகத்தின் நூலகர், 1771-இல் ஹாம்பர்க்கில் ஒரு லாட்ஜில் சேர்ந்தவரும் கூட. நூலகம், இலக்கியம், சங்கம் மூன்றும் ஒரே ஆளிடம் கூடியிருக்கின்றன. இதில் காப்பக வேலைக்கு இடம் உண்டா, அல்லது அச்சிட்ட பதிப்பே போதுமா?

---

ஏட்டுச்சுருள்

இடம் உண்டு, அதுவும் தாராளமாக. ஐந்து உரையாடல்களில் முதல் மூன்று மட்டுமே 1778-இல் அவர் விருப்பப்படி வெளிவந்தவை. அவற்றை பிரன்ஸ்விக் ஆளும் குடும்பத்தைச் சேர்ந்த கோமகன் ஃபெர்டினாண்டுக்குக் காணிக்கையாக்கினார். ஃபெர்டினாண்ட் ஜெர்மன் ஃப்ரீமேசன்களின் பெரும் பிரிவொன்றின் தலைவர். மேற்கொண்டு வெளியிட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் நான்காவதும் ஐந்தாவதும் கையெழுத்துப்படிகளாக நண்பர்களிடையே சுற்றின. 1780-இல் லெஸ்ஸிங்கின் இசைவு பெறாமலேயே யாரோ அச்சிட்டுவிட்டார்கள். ஆகவே நூலின் முற்பகுதி ஆசிரியர் கண்முன் அச்சானது, பிற்பகுதி பிறர் படியெடுத்ததிலிருந்து அச்சானது. நான்காம் உரையாடலில் சங்கத்தின் உள்விவகாரங்களை அவர் கடிந்து பேசும் இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சியிருக்கும் படிகளை அச்சோடு வைத்துப் பாடபேதங்களைக் குறியுங்கள். ஒவ்வொரு படியும் யாருக்காக எடுக்கப்பட்டது, எந்தக் குடும்பத்தின் தாள்களோடு காப்பகத்துக்குள் வந்தது என்று பக்கத்திலேயே ஒரு நிரல் போட்டு வையுங்கள். அந்த நிரலை நிரப்புவதில் சிக்கல் வந்தால் இங்கேயே எழுதுங்கள். பேழைக்காவலரும் நானும் பார்க்கிறோம்.